வீடு விற்பனை விளம்பரம் எழுதுவது எப்படி: டேப் பிடித்து அளப்பதிலிருந்து கடைசி வரி வரை

வீடு தேடுகிறவர் ஒரே மூச்சில் முப்பது நாற்பது விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே போவார். விலை ஒத்துவராதவை, தூரத்தில் இருப்பவை, அறை போதாதவை எல்லாம் முதல் சுற்றிலேயே கழிந்துவிடும். மிஞ்சுகிற ஏழெட்டில் எந்த இரண்டு மூன்றை நேரில் போய்ப் பார்ப்பது என்று யோசிக்கும்போதுதான் நீங்கள் எழுதியதை நிதானமாக வாசிக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது தகவல். ‘விசாலமான ஹால்’ என்பது அவருக்கு எதையும் சொல்வதில்லை. ‘12 × 18 அடி ஹால்’ என்றால் தன் சோபாவும் சாப்பாட்டு மேசையும் அதில் அடங்குமா என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். வாசலில் வந்து நிற்பவர் தன் கண்ணாலோ டேப்பாலோ சரிபார்க்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

எழுத உட்காரும் முன்

மோசமான விளம்பரங்களில் பெரும்பாலானவை நாற்காலியில் உட்கார்ந்தபடி நினைவிலிருந்து எழுதப்பட்டவை. நோட்டு, டேப் அல்லது லேசர் அளவி, போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். முடிந்தால் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் வருவது நல்லது. வெளிச்சமும் சத்தமும் வேளைக்கு வேளை மாறும்.

அறைகளை உட்சுவரிலிருந்து உட்சுவர் வரை அளக்க வேண்டும். சுவர்கள் எப்போதும் நேராக இருப்பதில்லை. நீளத்தை இரண்டு இடத்தில் எடுத்து, குறைந்ததை எழுதிக்கொள்ளுங்கள். அலமாரி சுவருக்குள் புதைந்திருந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள்; அறை அளவோடு சேர்க்காதீர்கள். அடியா மீட்டரா என்று முதலிலேயே முடிவு செய்து கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். 1 மீட்டர் 3.281 அடி, 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. நீள அகலத்துக்கான எண்ணால் பரப்பைப் பெருக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 13 சதுர மீட்டர் அறை சுமார் 140 சதுர அடி, 3.281ஆல் பெருக்கினால் 43 என்று வந்து நிற்கும்.

மொத்தப் பரப்பைச் சொல்லும்போது எந்தப் பரப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பான கார்பெட் ஏரியா, வெளிச்சுவரும் பால்கனியும் சேர்ந்த பில்ட்-அப் ஏரியா, பொது இடங்களில் உங்கள் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் ஏரியா என ஒரே வீட்டுக்கு மூன்று எண்கள் இருக்கலாம். பெரிய எண்ணைப் போட்டால் கவர்ச்சியாக இருக்கும் என்று பலர் கடைசி எண்ணைப் பெயர் சொல்லாமல் போட்டுவிடுகிறார்கள். வாங்க வருபவர் அறைகளைக் கூட்டிப் பார்ப்பார். நூறு இருநூறு சதுர அடி இடித்தால், விளம்பரத்தில் உள்ள மற்ற எண்களையும் நம்ப மாட்டார். வரையறைகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி கார்பெட் ஏரியாவில் உட்சுவர்கள் சேரும். வெளிச்சுவர், குழாயும் வயரும் போகும் சர்வீஸ் ஷாஃப்ட், பால்கனி, திறந்த மொட்டைமாடி சேராது. ஆவணத்தில் எந்தப் பெயரில் எந்த எண் இருக்கிறதோ அதை அப்படியே எடுத்து எழுதுவதே பாதுகாப்பு.

திசையைப் போன் திசைகாட்டியில் பார்ப்பதாக இருந்தால் இரும்புக் கம்பி போட்ட ஜன்னலை ஒட்டி நின்று பார்க்காதீர்கள். அருகில் இரும்பு இருந்தால் முள் விலகும். அறையின் நடுவில் நின்று பாருங்கள், பிறகு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஆனால் வெறும் திசையை மட்டும் எழுதினால் போதாது. தெற்கு பார்த்த ஜன்னல் பூமியின் வடபாதியில் குளிர்கால வெயிலை உள்ளே விடும். தென்பாதியில் அதே வேலையைச் செய்வது வடக்கு ஜன்னல். மேற்குச் சுவர் எங்கேயானாலும் பிற்பகலில் சூடேறும். ‘காலை 7 முதல் 10 வரை சமையலறையில் வெயில், படுக்கையறை மாலையில் நிழல்’ என்று எழுதினால் திசை தெரியாதவருக்கும் வீடு புரிந்துவிடும்.

தண்ணீரின் வேகத்தை அளக்க ஒரு வாளி போதும். வீட்டிலேயே உயரத்தில் இருக்கும் குழாயில் 10 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 60 விநாடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். ‘தண்ணீர் பிரச்சினை இல்லை’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த எண்ணை எழுதுபவரைக் காண்பது அரிது.

இன்னும் சிலவற்றைக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது. வாசற்கதவைத் திறந்த நிலையில் உள்ளே நுழைய எவ்வளவு அகலம் கிடைக்கிறது, லிஃப்ட்டுக்குள் என்ன அளவுப் பொருள் போகும், எந்த அறையில் போன் சிக்னல் விழவில்லை, வாஷிங் மெஷினுக்குக் குழாயும் வடிகாலும் எங்கே, கார் நிறுத்தும் இடத்தின் நீள அகலம் என்ன, நடுவில் தூண் ஏதும் இடிக்கிறதா. மாடி எண்ணில் குழப்பம் வரும். சிலருக்கு முதல் மாடி என்பது தரைத்தளத்துக்கு மேல் இருப்பது, வேறு சிலருக்குத் தரைத்தளமே ஒன்றாம் தளம். லிஃப்ட் இல்லாத வீடென்றால் படிகளை எண்ணி, ‘சாலையிலிருந்து வாசல் வரை 38 படிகள்’ என்று எழுதிவிடுங்கள். முழங்கால் வலிக்காரர் வீண் நடை நடக்க வேண்டியிருக்காது.

பெயரடைகளை என்ன செய்வது

அழகிய, விசாலமான, நவீன, கண்ணைக் கவரும், அருமையான, கனவு இல்லம். எல்லா விளம்பரத்திலும் இவை இருப்பதால் எந்த விளம்பரத்தையும் இவை தனித்துக் காட்டுவதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எழுதியவர் பார்த்த ஏதோ ஓர் உண்மை இருக்கிறது. சொல்லை அடித்துவிட்டு அந்த உண்மையை வெளியே எடுங்கள்.

‘நல்ல காற்றோட்டம்’ என்றால் எதிரெதிர் சுவர்களில் ஜன்னல் இருக்கிறதா? எந்த அறையில்? ‘அமைதியான சூழல்’ என்றால் வீடு முட்டுச் சந்தின் கடைசியிலா, அல்லது படுக்கையறைகள் சாலையைப் பார்க்காமல் பின்பக்கம் இருக்கின்றனவா? ‘புதுப்பிக்கப்பட்ட வீடு’ என்பது இவற்றில் மிக ஆபத்தான சொல். சுண்ணாம்பு அடித்ததும் புதுப்பித்தல்தான், வயரிங் முழுவதையும் மாற்றியதும் புதுப்பித்தல்தான். எதை, எந்த ஆண்டு, எந்தப் பொருளால் என்று மூன்றையும் சொல்லுங்கள்: ‘2021இல் முழு வயரிங்கும் மெயின் போர்டும் மாற்றியது, 2023இல் மொட்டைமாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, குளியலறைக் குழாய்கள் பழையவை.’ கடைசியில் வரும் அந்தப் ‘பழையவை’ முன்னால் சொன்ன இரண்டுக்கும் நம்பகம் தருகிறது.

படுக்கையறையைப் பொறுத்தவரை வெறும் அளவைவிட, அதில் என்ன அடங்கும் என்று சொல்வது இன்னும் உதவும். 10 × 11 அடி அறை ஒன்று. 5 × 6½ அடிக் கட்டிலை 10 அடிச் சுவரின் நடுவில் தலைவைத்துப் போட்டால் இருபக்கமும் இரண்டரை அடி நடக்க இடம், கால்பக்கம் நாலரை அடி மிச்சம். அங்கே 2 அடி ஆழ அலமாரி வைத்தாலும் இரண்டரை அடி இருக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைப் பார்க்காமல் இதை எழுதிவிடாதீர்கள். உள்ளே திறக்கும் கதவு அலமாரியில் இடித்தால் கணக்கு அத்தனையும் பொய்யாகும். சரிபார்த்த பிறகு ‘பெரிய கட்டிலும் முழுநீள அலமாரியும் அடங்கும்’ என்று ஒரே வரியாகச் சுருக்கி எழுதலாம்.

தூரம் சொல்லும்போது ‘மிக அருகில்’, ‘5 நிமிடத்தில்’ என்பவை வேண்டாம். எந்த 5 நிமிடம்? நடந்தா, காலியான சாலையில் காரிலா? ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு இதற்கென்றே விதி இருக்கிறது: சாலை வழியாக அளந்து 80 மீட்டருக்கு 1 நிமிட நடை, மிச்சமுள்ள மீட்டருக்கும் ஒரு முழு நிமிடம் சேர்க்க வேண்டும். எந்த ஊருக்கும் இதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். 600 மீட்டர் என்றால் ஏழரை நிமிடம், எழுத வேண்டியது 8. நேர்கோட்டுத் தூரத்தை எடுக்காதீர்கள். நடுவில் ரயில் பாதையோ சுற்றுச்சுவரோ வந்தால் 300 மீட்டர் ஒரு கிலோமீட்டராகிவிடும்.

‘பால்கனியிலிருந்து ஏரி தெரியும்’ போன்ற வரிக்கு இரண்டு சோதனைகள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரிகிறதா, அல்லது கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்க்க வேண்டுமா? நடுவில் காலி மனை இருக்கிறதா? காலி மனை இருந்தால் நாளை அங்கே கட்டடம் எழலாம். ‘இப்போது தெரிகிறது, முன்னால் உள்ள மனை காலி’ என்று இரண்டையும் எழுதுவதுதான் முறை.

தலைப்பும் முதல் இரண்டு வரிகளும்

போன் திரையில் தலைப்பின் முதல் ஐந்தாறு சொற்கள்தான் முழுதாகத் தெரியும். ‘விற்பனைக்கு’, ‘அழகிய’, ‘அரிய வாய்ப்பு’ ஆகியவற்றை அங்கே வீணடிக்காதீர்கள். அது விற்பனைக்குத்தான் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். படுக்கையறை எண்ணிக்கை, விலை, பரப்பு மூன்றும் விளம்பரத் தளத்தின் தனிக் கட்டங்களில் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். ஆகவே அந்தத் தெருவில் விற்பனைக்கு இருக்கும் மற்ற வீடுகளில் இல்லாத ஒன்று தலைப்பில் வர வேண்டும். மூன்று பக்கமும் ஜன்னல், தனி வாசல், இரண்டு கார் நிறுத்தம், தரைத்தளத்திலேயே ஒரு படுக்கையறை, இப்படி ஏதாவது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அதே விலைக்கு அருகில் உள்ள ஐந்தாறு விளம்பரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, அவற்றில் எதிலும் இல்லாதது உங்கள் வீட்டில் எது என்று தேடுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் வீட்டில் குடியிருப்பவரிடம், ‘இந்த வீட்டை விட்டுப் போனால் எது இல்லாமல் கஷ்டப்படுவீர்கள்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் பயனுள்ள பதில் வரும்.

‘மேலும் படிக்க’ என்று மடிவதற்கு முன் இரண்டு மூன்று வரிகள்தான் கண்ணில் படும். தலைப்பில் சொன்னதை அங்கே மறுபடி சொல்லாமல், அதனால் என்ன பயன் என்பதைச் சொல்லுங்கள். அதன்பின் வாசலிலிருந்து உள்ளே நடக்கும் வரிசையில் போங்கள். வாசல், ஹால், சமையலறை, அறைகள், பின்பக்கம், வெளியே. சமையலறையிலிருந்து பார்க்கிங்குக்குத் தாவி மறுபடி குளியலறைக்கு வந்தால், வாசிப்பவர் மனத்தில் வீட்டின் வரைபடம் உருவாகாது.

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வழக்கமாக வருவது இது:

‘அழகிய 3 படுக்கையறைகளுடன் கூடிய விசாலமான வீடு விற்பனைக்கு உள்ளது. நல்ல காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ளது. லிஃப்ட் வசதி உள்ளது. அனைத்து வசதிகளும் மிக அருகில் உள்ளன. பார்த்தால் விடமாட்டீர்கள்! உடனே அழைக்கவும்!!’

அதே வீடு, சுற்றிப் பார்த்துக் குறித்தபின்:

‘மூன்று பக்கமும் ஜன்னல்: 2ஆம் மாடி முனை வீடு

பக்கத்து வீட்டோடு ஒட்டுவது ஒரே ஒரு சுவர். பகலில் எந்த அறையிலும் விளக்குப் போட வேண்டியதில்லை. வாசல் திறப்பது 12 × 18 அடி ஹாலுக்கு. அதன் கோடியில் இருவர் உட்காரக்கூடிய பால்கனி. சமையலறை 8 × 10 அடி, காலை வெயில் படும். அதை ஒட்டி வாஷிங் மெஷினுக்குக் குழாயும் வடிகாலும் உள்ள சின்ன இடம். படுக்கையறைகள் 11 × 13, 10 × 12, 9 × 10 அடி. முதல் இரண்டில் பெரிய கட்டிலும் அலமாரியும் அடங்கும், மூன்றாவது ஒற்றைக் கட்டிலுக்கு அல்லது வேலை மேசைக்கு. குளியலறை இரண்டு, ஒன்று பெரிய அறையோடு சேர்ந்தது. கார்பெட் ஏரியா 830 சதுர அடி. வயரிங் 2021இல் மாற்றியது. குளியலறைக் குழாய்கள் பழையவை. லிஃப்ட் உண்டு. கூரையுள்ள கார் நிறுத்தம் ஒன்று. பேருந்து நிறுத்தம் 600 மீட்டர், 8 நிமிட நடை. ஹால் சாலையைப் பார்த்தது, காலை மாலை வண்டிச் சத்தம் கேட்கும், படுக்கையறைகள் பின்பக்கம்.’

நீளம் கூடியிருக்கிறது, ஆனால் வெற்றுச் சொல் ஏறக்குறைய இல்லை. நூறு முதல் நூற்றைம்பது சொற்கள் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பெரிய தோட்டமோ தனிக் கட்டடமோ இருந்தால் இன்னும் ஐம்பது சேர்க்கலாம்.

நடையில் கவனிக்க வேண்டிய ஒன்று. முதல் விளம்பரத்தில் எத்தனை ‘உள்ளது’ என்று பாருங்கள். ஒவ்வொரு வாக்கியமும் அதே சொல்லில் முடிந்தால் சரக்குப் பட்டியல் வாசிப்பதுபோல ஆகி, கண் வழுக்கிப் போய்விடும். வீட்டில் எது என்ன செய்கிறதோ அந்த வினையைப் போடுங்கள்: கதவு திறக்கிறது, வெயில் விழுகிறது, கட்டில் அடங்கும். ‘வசதியுடன் கூடிய’ என்ற தொடரையும் தேடி எடுத்துவிடலாம். ‘லிஃப்ட் வசதியுடன் கூடிய’ என்பதைவிட ‘லிஃப்ட் உண்டு’ தெளிவு. ஆச்சரியக்குறி ஒன்றுகூட வேண்டாம்.

குறைகளை எழுதுவதா, மறைப்பதா

குறைகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். சரிசெய்யக்கூடியவை: ஒழுகும் குழாய், உடைந்த கண்ணாடி, கதவு இடிப்பது. இவற்றை விளம்பரம் போடும் முன்பே சரிசெய்துவிடுங்கள். எழுத வேண்டிய அவசியமே வராது. மாற்ற முடியாதவை: சாலைச் சத்தம், லிஃப்ட் இல்லாமை, சின்ன சமையலறை. இவற்றை நேராகச் சொல்லி, அதைத் தாங்கும் உண்மை ஏதும் இருந்தால் பக்கத்திலேயே வையுங்கள். மேலே இரண்டாவதாகக் காட்டிய விளம்பரத்தின் கடைசி வரி அப்படிப்பட்டது. வந்து பார்த்ததும் தெரிந்துவிடப்போகும் குறையை மறைத்தால் கிடைப்பது வீண் வருகைகள்தான்.

மூன்றாவது வகை கண்ணுக்குத் தெரியாதவை: பெயின்ட்டுக்கு உள்ளே இருக்கும் ஓதம், அனுமதி இல்லாமல் எழுப்பிய அறை, பாதைத் தகராறு. அனுமதியில்லாத அறையையோ ஜன்னலே இல்லாத அறையையோ படுக்கையறைக் கணக்கில் சேர்ப்பது பல ஊர்களில் விதிமீறலாகவே முடியும். ஓதத்துக்கு மேல் புது வண்ணம் அடித்துவிட்டு ‘புத்தம் புது பெயின்ட்’ என்று எழுதுவது பொய்தான். பொய்யான வீட்டு விவரணைக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. பிரிட்டனில் 1991இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2013இல் அதை நீக்கியபோதும் பொது நுகர்வோர் சட்டத்தின் கீழ் அந்தப் பொறுப்பு தொடர்ந்தது. உங்கள் ஊரில் விற்பவர் எதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு எழுதுவது நல்லது.

வீட்டைப் பற்றி எழுதுங்கள். அதில் யார் குடியிருக்க வேண்டும் என்று எழுதாதீர்கள். ‘இன்னாருக்கு மட்டும்’ என்பது மனிதரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது. பல நாடுகளில் குற்றமும்கூட. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம் போன்ற அடிப்படையில் விருப்பு வெறுப்பைக் காட்டும் விளம்பர வாசகத்தையே தடுக்கிறது. 1988இல் மாற்றுத்திறனாளிகளையும் குழந்தைகள் உள்ள குடும்பங்களையும் அந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தார்கள். நல்லெண்ணத்தோடு எழுதும் ‘சிறு குடும்பத்துக்கு ஏற்றது’கூடத் தேவையில்லை. ‘பள்ளி 400 மீட்டர், நடுவில் பெரிய சாலை கடக்க வேண்டாம்’ என்று எழுதினால் தேவைப்படுகிறவர் தானே புரிந்துகொள்வார்.

பாதுகாப்புக்காக விட வேண்டியவையும் உண்டு. கதவிலக்கம், வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற செய்தி, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பது, கேமரா எங்கே இருக்கிறது என்பது. ‘அவசர விற்பனை’ என்பதும் வேண்டாம்; பேரம் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

எவை வீட்டோடு வரும், எவை வராது என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். மின்விசிறி, ஏசி, வாட்டர் ஹீட்டர், திரைச்சீலைக் கம்பி, சமையலறைப் புகைபோக்கி ஆகியவற்றால்தான் கடைசி நேரச் சண்டைகள் வருகின்றன. மாதப் பராமரிப்புத் தொகை இருந்தால் அதையும், அதில் தண்ணீரும் லிஃப்ட்டும் அடங்குமா என்பதையும் சேருங்கள்.

படங்களோடு ஒத்துப்போக

படத்தில் தெரிவதை எழுத்தில் மறுபடி சொல்ல வேண்டாம். தரை வெள்ளை டைல்ஸ் என்பது படத்திலேயே தெரியும். அளவு, வயது, சத்தம், வெயில் வரும் நேரம், தண்ணீரின் வேகம் ஆகியவை படத்தில் தெரியாது. எழுத்தின் வேலை அதுதான். அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தில் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும். படத்துக்குக் கீழே அறையின் அளவை எழுதினால் வருபவர் ஏமாற்றமடைய மாட்டார். படங்களின் வரிசையும் எழுத்தின் வரிசையும் ஒன்றாக இருக்கட்டும்.

வெளியிடும் முன்னும் பின்னும்

வீட்டைப் பார்த்தே இராத ஒருவரிடம் படங்கள் இல்லாமல் எழுத்தை மட்டும் கொடுத்து, வீட்டின் வரைபடத்தைத் தாளில் கிறுக்கச் சொல்லுங்கள். சமையலறையைத் தவறான பக்கத்தில் போட்டால், எந்த வரி அவரைத் திசைதிருப்பியது என்று தேடித் திருத்துங்கள். அதன்பின் எண்களை மட்டும் தனியாக ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு சுழி கூடியோ குறைந்தோ போவது விலையிலும் பரப்பிலும்தான் அதிகம் நடக்கிறது.

இரண்டு மூன்று வாரம் கழித்து நிலவரத்தைப் பாருங்கள். திறந்து பார்ப்பவர்களே குறைவு என்றால் விலை, முதல் படம், தலைப்பு மூன்றில் ஒன்றில் கோளாறு. பார்க்கிறார்கள், ஆனால் அழைப்பு வரவில்லை என்றால் உள்ளே உள்ள எழுத்தில் அவர்கள் தேடும் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. அழைத்த சிலர் முதலில் கேட்ட கேள்விகளைப் பட்டியலிட்டால் அது என்னவென்று தெரிந்துவிடும், அந்தப் பதில்களை விளம்பரத்திலேயே சேர்த்துவிடுங்கள். நேரில் வந்து பார்த்துவிட்டுப் பேச்சே இல்லாமல் போகிறார்கள் என்றால், எழுத்து சொன்ன வீடும் அவர்கள் பார்த்த வீடும் வேறுவேறாக இருந்திருக்கின்றன. வந்தவர்களிடம் எது எதிர்பார்த்தபடி இல்லை என்று கேட்டு, அந்த வரியைத் திருத்துங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; தலைப்பையும் விலையையும் படத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் அழைப்பு கூடியது என்று கண்டுபிடிக்க வழியிருக்காது.